கட்டுரையில் 'வேற லெவல்' என்று எழுதினால் மதிப்பெண் குறைக்கலாமா?

சிவப்பு மை (கேள்வி)

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன், 19 வருடமாகிறது. போன வாரம் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு 'ஒரு மழை நாள்'. ஒரு பையனின் நோட்டில் இந்த வரி வந்தது:

"மழை விட்டதும் தெரு வேற லெவல்ல இருந்துச்சு மண்ணின் மனம் எங்கும் பரவியது"

அப்படியே இருக்கிறது. நடுவில் முற்றுப்புள்ளி இல்லை, கடைசியிலும் இல்லை. 'மணம்' என்பது 'மனம்' ஆகிவிட்டது. 'வேற லெவல்' பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் குறைத்து 20க்கு 13 போட்டேன். மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றான். "டீச்சர், படிச்சா உங்களுக்குப் புரிஞ்சுதுல்ல? அப்புறம் ஏன் மார்க் போச்சு?" என்று கேட்டான். திமிராகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பொதுத்தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அது அவன் கேள்விக்குப் பதில் இல்லை. அதுதான் ஒரு வாரமாக மனதைக் குடைகிறது.

பிள்ளைகள் நாள் முழுக்கத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக அனுப்புகிறார்கள், பாதிக்கு பொம்மைதான் பதில். அதெல்லாம் நோட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். உண்மையில் அப்படித்தானா, இல்லை எல்லாப் பழியையும் கைபேசி மேல் போடுகிறேனா? இந்த மூன்று பிழையும் ஒரே எடையா? எழுத்தோடு புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பவன்

டீச்சர், பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவதுதான் எனக்கு 28 வருடமாகத் தொழில். மூன்றும் ஒரே எடை இல்லை என்பது என் கட்சி.

'வேற லெவலை' முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லுக்கு நம் இலக்கணத்திலேயே குழூஉக்குறி என்று பெயர் இருக்கிறது, நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று நன்னூல் உரையில் எடுத்துக்காட்டு வரும். அவை தமிழைக் கெடுத்துவிட்டதாக யாரும் அழவில்லை. இளைஞர் பேச்சும் அந்த வகைதான், கூட்டம் மட்டும் பெரிது. சில சொற்கள் அங்கேயே செத்துப்போகும், சில தங்கிவிடும். 'மொக்கை' என்றால் மழுங்கியது என்று பொருள், மொக்கைக் கத்தி என்போம். அது இன்று சுவாரசியம் இல்லாத பேச்சுக்கும் ஆகிவந்திருக்கிறது. பொருள் நகர்ந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, கூர் இல்லாத பேச்சுதானே அது.

எனக்குப் பயம் தருவது அந்த 'மனம்'தான். கைபேசி வராத காலத்திலும் ல, ள, ழ பிழைகளைக் கூடை கூடையாகத் திருத்தியிருக்கிறேன், அதனால் எல்லாம் இப்போதுதான் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிழையின் ஜாதி மாறிவிட்டது. அப்போது 'பளம்' என்று எழுதுவார்கள், வாயில் வருவது கையில் வரும். அப்படி ஒரு சொல்லே கிடையாது, அதனால் பார்த்த உடனே கண்ணில் குத்தும். இப்போது வருவது 'பலம்'. ஆங்கில எழுத்தில் தட்டினால் விசைப்பலகைக்கு மேலே பலம், பாலம், பழம் என்று வரிசையாக வந்து நிற்கிறது, அவசரத்தில் விரல் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறது. அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான், அகராதியில் இருப்பதுதான், எந்தப் பிழைதிருத்தியும் அதற்குக் கீழே சிவப்புக் கோடு போடாது. மெய்ப்புப் பார்க்கும்போது இந்த ரகப் பிழையைத்தான் நான் அதிகம் தவறவிடுகிறேன். நாளுக்கு நூறு முறை 'மனம்' என்பதைத் தொட்ட விரல், பேனா பிடிக்கும்போதும் அதைத்தானே எழுதும்? அந்தப் பையன் இரண்டு சுழி, மூன்று சுழி பற்றி யோசிக்கவேண்டிய தேவையே வந்திருக்காது. அவனுக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த மதிப்பெண்ணைக் குறைத்தது சரி. மற்ற இரண்டையும் யோசியுங்கள்.

கடைசி பெஞ்ச்

டீச்சர் வணக்கம், நான் காலேஜ் மூணாம் வருஷம். அந்தப் பையன் இடத்துல நானும் இருந்திருக்கேன் என்பதால் எழுதுகிறேன்.

முற்றுப்புள்ளி பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. சாட்டில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. "சரி" என்று அனுப்பினால் சரி. "சரி." என்று புள்ளி வைத்து அனுப்பினால் கோபமாக இருக்கிறாள் என்று பொருள், உடனே என்னாச்சு என்று கேட்போம். இது எங்கள் பிரமை இல்லை, 2015இல் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, புள்ளியோடு முடிந்த ஒற்றைச்சொல் பதிலை அவர்கள் மனசார வராத பதிலாக எடுத்துக்கொண்டார்கள், அதே பதிலைக் கையால் எழுதிக் காட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. அனுப்பு பொத்தானே வாக்கியத்தை முடித்துவிடுகிறது, அப்புறம் புள்ளிக்கு என்ன வேலை? மிச்சமாக நிற்கிற குறிக்கு ஏதாவது ஒரு வேலையை மனிதர்கள் கொடுத்துவிடுவார்கள்.

அதேபோல "வாஆஆஆ", "போடாஆஆ" என்று இழுத்து எழுதுவதைக் கேலி செய்கிறார்கள். எனக்குப் பள்ளியில் அளபெடை நடத்தியபோது முதலில் தோன்றியது இதுதான். திருக்குறளில் 'ஓஒதல் வேண்டும்' என்று வருகிறதே, நெடிலுக்குப் பக்கத்தில் அதன் குறிலைப் போட்டு ஓசையை நீட்டுவது. அது யாப்புக்காக, எங்களுடையது குரலுக்காக. நோக்கம் வேறு என்றாலும் எழுத்தில் ஒலியை எப்படி நீட்டுவது என்ற கேள்விக்கு இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் போயிருக்கிறோம், அது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. டீச்சர் யாராவது அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை நான் மறந்திருக்கவே மாட்டேன்.

சாட்டில் இருக்கும் தமிழ் சோம்பேறித் தமிழ் இல்லை டீச்சர். முகமும் குரலும் இல்லாத இடத்தில் முகத்தையும் குரலையும் எப்படியாவது எழுத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறோம். அந்தப் பழக்கம் கட்டுரை நோட்டில் வந்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தெரியாமை இல்லை, இடம் மாறி வந்தது.

நிரலன்

மென்பொருள் வேலை, பல வருடமாகத் தமிழ் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவன். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவதை ஏதோ பிள்ளைகள் ஆசைப்பட்டுத் தொடங்கியதுபோல் பேசுகிறோம், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பரில் போனது. ஒரு செய்திக்கு 140 பைட் இடம், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து கொள்ளும். தமிழை யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறிமுறையில், அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், ஆக 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்து இல்லை. 'கொண்டாட்டம்' என்று எழுதிப் பாருங்கள், நமக்கு அது ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொரு குறி, ஏனென்றால் புள்ளி தனி, துணைக்கால் தனி, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று. நடுவில் இடம் விட்டு இந்தச் சொல்லை ஆறு தடவை எழுதினால் 71 ஆகிவிடும், ஒரு குறி மிஞ்சியதால் அது இரண்டு செய்தியாகப் போகும். ஆங்கில எழுத்தில் பத்து எழுத்துதான், ஒரே செய்தியில் பதினான்கு தடவை எழுதலாம். செய்திக்குக் காசு கொடுத்த காலத்தில் யார் தமிழில் அனுப்புவார்கள்? பல கைபேசிகளில் போய்ச் சேரும் இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அது வேறு. ஒரு தலைமுறை அந்த நெருக்கடியில் பழகியது, நெருக்கடி போனபிறகும் பழக்கம் தங்கிவிட்டது. அரபு பேசுகிறவர்களும் இதே சிக்கலில் மாட்டினார்கள், ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களையே எழுத்தாக்கிக்கொண்டார்கள். குறைந்தபட்சம் அவர்கள் அந்த ஒலிகளை விட்டுவிடவில்லை. நாம் ல, ள இரண்டையும் ஒரே எழுத்தில் போட்டு மூடிவிட்டோம், ழகரத்துக்கு இரண்டெழுத்து சேர்த்து எழுத வழி இருந்தும் அவசரத்தில் அதையும் அந்த ஒரே எழுத்தில் தள்ளிவிட்டோம்.

இன்னொன்று. குறுஞ்செய்தியால் பிள்ளைகளின் எழுத்து கெடவில்லை என்று அடிக்கடி ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் 10 முதல் 12 வயது வரை உள்ள 88 பிள்ளைகளை வைத்து நடந்தது, 2009இல் வெளிவந்தது. சுருக்கெழுத்தை அதிகம் பயன்படுத்தியவர்களின் வாசிப்புத் திறன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தால்தான் சொல்லைச் சுருக்க முடியும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நியாயம்தான், ஆனால் அவர்கள் சுருக்கியது அவர்கள் மொழியை அவர்கள் எழுத்தில். நம் பிள்ளை ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது ஒலியும் எழுத்தும் சேரும் அந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை. அந்த ஆய்வை நாம் அப்படியே எடுத்து நமக்குப் பூசிக்கொள்ள முடியாது.

விண்ணப்ப மேசை

எல்லாரும் பையன் பக்கமே பேசுகிறீர்கள், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் வேலைக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் படிப்பவள் நான்.

"ஹாய் சார், எனக்கு இந்த வேலை கிடைச்சா செமயா இருக்கும்" என்று தொடங்கிய ஒரு கடிதம் போன மாதம் வந்தது. கூடவே இருந்த சான்றிதழ்கள் நன்றாக இருந்தன, அந்த வேலைக்குப் பொருத்தமான பையன். கடிதம் புரிந்ததா என்றால் புரிந்தது. ஆனால் எனக்கு மேலே இருக்கும் அதிகாரி முதல் வரியோடு அதை ஓரம் வைத்துவிட்டார், நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அது அநியாயம்தான். அந்த அநியாயம் நாளைக்கே மாறப்போவதில்லை.

கடைசி பெஞ்ச் தம்பி, உனக்குச் சாட்டிலும் எழுதத் தெரியும், இங்கே முற்றுப்புள்ளி வைத்துப் பத்தி பிரித்தும் எழுதத் தெரிகிறது. உனக்கு இரண்டு சட்டை இருக்கிறது, அதனால் எந்தச் சட்டையும் நல்ல சட்டைதான் என்று சொல்ல முடிகிறது. வீட்டில் புத்தகம் இல்லாத, கடிதம் எழுதும் ஆள் ஒருவரையும் பார்க்காத பிள்ளைக்கு அந்த இரண்டாவது சட்டை எங்கிருந்து கிடைக்கும்? டீச்சரிடமிருந்து மட்டும்தான். அவரும் 'புரிகிறதே, போகட்டும்' என்று விட்டுவிட்டால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நல்லது இல்லை. டீச்சர், மதிப்பெண் குறையுங்கள், ஆனால் ஏன் குறைத்தீர்கள் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். தேர்வைக் காட்டிப் பயமுறுத்துவது காரணம் ஆகாது.

கடைசி பெஞ்ச்

அக்கா சொன்னது உறைக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது சட்டை எங்க தாத்தாவிடமிருந்து வந்தது, தினமும் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்லுவார். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

மெய்ப்புப் பார்ப்பவன்

விண்ணப்ப மேசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுதும் கருவி எழுத்தை மாற்றுவது புதிதில்லை. ஓலையில் புள்ளி வைத்தால் எழுத்தாணி குத்தி ஓலை கிழியும் என்று புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று படிக்கிறவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவத்திலேயே வேறுபாடு காட்டியபிறகுதான் அந்தக் குழப்பம் தீர வழி பிறந்தது. ஓலையில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. சுருக்கெழுத்தும் இருந்தது, மேற்படி என்பதற்கு ௸, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் பார்க்கலாம். அந்தக் குறிகள் இன்றைக்கு யூனிகோடிலும் இருக்கின்றன.

ஆனால் ஓலையில் புள்ளியை விட்டவருக்குப் புள்ளி எங்கே வரும் என்று தெரியும், படித்தவருக்கும் தெரியும். தெரிந்தே விடுவது வேறு. கடைசி பெஞ்ச் தம்பியின் முற்றுப்புள்ளி அந்த வகையில் சேரும். 'மண்ணின் மனம்' சேராது.

அப்புறம் டீச்சர், 'வேற லெவல்' பற்றி ஒரு யோசனை. அதை அடித்துவிட்டு 'மிகவும் அழகாக இருந்தது' என்று அவன் எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பீர்கள் இல்லையா? அதுவும் அதே அளவுக்கு ஒன்றும் சொல்லாத வரிதான். இப்போது கைபேசியே அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கிறது, முழுக் கட்டுரையையும் எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. பிழையே இல்லாத, யாரும் எதையும் பார்க்காமல் எழுதிய பக்கங்கள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றைத் திருத்தும்போது கொச்சைச் சொல்லோடு வரும் நோட்டு எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. அந்தத் தெரு எப்படி இருந்தது என்று அவனிடம் கேட்டுப் பாருங்களேன்.

சிவப்பு மை

எல்லாருக்கும் நன்றி. கேட்டேன்.

நேற்று மதியம் அவனை உட்காரவைத்து நோட்டைத் திறந்து, "வேற லெவல்னா என்னடா, எனக்குக் காட்டு" என்றேன். முதலில் "செமயா இருந்துச்சு டீச்சர்" என்றான். அதுவும் அதேதானே என்றேன். கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தண்ணி ஓடின இடத்துல மண்ணு மடிப்பு மடிப்பா நின்னுச்சு டீச்சர், துணிய மடிச்சு வச்ச மாதிரி. அதுமேல யாரும் நடக்கல. நான் மட்டும் ஓரமா நடந்தேன்" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதை அப்படியே எழுது என்றேன், எழுதினான். 'நின்றது', 'நடக்கவில்லை' என்று அவனே மாற்றிக்கொண்டான், நான் சொல்லவில்லை. முற்றுப்புள்ளியும் வைத்தான். இரண்டு வழக்கும் அவனுக்குள் இருக்கத்தான் செய்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

'மனம்' மட்டும் மறுபடியும் 'மனம்' என்றே வந்தது. இரண்டையும் எழுதிக் காட்டி எது வாசனை என்று கேட்டேன், தெரியவில்லை. மூன்றுசுழி ணகரத்துக்கு நாக்கை மடித்துச் சொல்லவைத்தேன். "போன்ல ரெண்டும் ஒரே எழுத்துதானே டீச்சர்" என்றான். மெய்ப்புப் பார்ப்பவர் சொன்னது அங்கேயே உறுதியாகிவிட்டது.

அவனுக்கு இரண்டு மதிப்பெண் திருப்பிக் கொடுத்து 15 ஆக்கினேன், ஒன்று அப்படியே நிற்கிறது. அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் ஒரே சேதியை இரண்டு தடவை எழுதவைக்கப் போகிறேன், நண்பனுக்கு ஒரு தடவை, தலைமையாசிரியருக்கு ஒரு தடவை. நண்பனுக்கு எழுதியதைத் திருத்தமாட்டேன்.

நிரலன் சார், ஒரு உதவி. ணகரமும் னகரமும் தனித்தனியாகத் தட்டுகிற மாதிரி கைபேசியில் ஏதாவது வழி இருக்கிறதா? பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

நிரலன்

இருக்கிறது டீச்சர். தமிழ் 99 விசைப்பலகையைப் போடச் சொல்லுங்கள், 1999இல் வந்தது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை, ந, ண, ன மூன்றுக்கும் அப்படித்தான், எந்த எழுத்து என்று தட்டுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாக விழும், அதனால் வேகமும் கிடைக்கும். ஐபோனில் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியில் கிடைக்கும். முதல் ஒரு வாரம் கை வராது, திட்டுவார்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பரிந்துரைப் பட்டையையும் அணைத்துவைக்கச் சொல்லுங்கள்.